கொதிக்கும் புருவ வளையம்

முப்பது வருடத்தில் மயிரிழைத் திருகாணியைக்கூடக் கீழே விடாத கடிகார ரிப்பேர்காரர், மகளின் புருவ வளையத்தைக் கழுவித் தருகிறேன் என்று வாங்கி சிங்க் ஓட்டைக்குள் விட்டுவிட்டார். போன வாரம்தான் அதைப் பார்த்து, "மூக்கணாங்கயிறு புருவத்துக்கு ஏறிடுச்சா?" என்று கேட்டு வீட்டையே சிரிக்க வைத்திருந்தார். சிரிக்காதவள் மகள் மட்டும்தான். இப்போது சிங்க்குக்குக் கீழே குழாயைக் கழற்றி, அடியிலிருந்த சாக்கடையில் துழாவி மீட்ட வளையம் சின்னப் பாத்திரத்தில் கொதிக்கிறது. பத்து நிமிடம் கொதிக்க வேண்டும். அது அடியில் டிக் டிக்கென்று தட்டுகிறது. அவர் கடையில் எந்தக் கடிகாரமும் இவ்வளவு மெதுவாக ஓடியதில்லை. சட்டைக் கையிலிருந்து கறுப்புத் தண்ணீர் சொட்டுகிறது. ஜன்னல் வெயிலில் மகள் கைக்கண்ணாடியைப் பிடித்து, புருவத்தில் சிவந்திருக்கும் துளையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "அதுக்குள்ள ஓட்டை மூடிடுமாம்மா?" என்று அவர் மகளிடம் கேட்கிறார். "தெரியல." "வலிக்குதா?" "இல்ல." அவர் இடுக்கியை எடுக்கிறார், வைக்கிறார், மறுபடி எடுக்கிறார். "நான் வேணும்னே போட்டேன்னு நெனைக்கிறியா?" நீராவி அவருடைய மூக்குக்கண்ணாடியை மூடுகிறது, துடைக்கத் தைரியமில்லை. "முதல்ல அப்படித்தான்ப்பா நெனச்சேன்," என்கிறாள் மகள். "நீங்க முழங்கை வரைக்கும் அந்தச் சாக்கடைக்குள்ள கைய விட்டப்பதான் இல்லன்னு தெரிஞ்சுது."