காகிதப் பந்து

மலையடிவாரத்தின் ஒரே பூட்ஸ் கடையில் அப்போது இருந்தவர்கள் மூன்று பேர்: தணிகாசலம், அவர் மகள் சுடர், பூட்ஸ் மாட்டிவிடும் ஜெரால்டு.

"எங்கயாவது அழுத்துதா சார்?"

தணிகாசலத்துக்கு எங்கும் அழுத்தவில்லை. சர்க்கரையில் பாதங்கள் மரத்துப்போய் ஒரு வருஷமாகிறது. சுடருக்குத் தெரிந்தால் நாளை பனிமலைக்குக் கூட்டிப் போகமாட்டாள்.

"கச்சிதமா இருக்குப்பா."

கடைக்குள்ளிருந்த மரச்சரிவில் ஏறி இறங்கிக் காட்டினார். "பாத்தியா, ஆட்டுக்குட்டி மாதிரி ஏறுறேன்."

"குட்டியா? கிழட்டு ஆடு" என்று சிரித்தபடி சுடர் கையுறைகளைப் பார்க்கப் போனாள்.

ஜெரால்டு மண்டியிட்டு வலது பூட்ஸைக் கழற்றி உள்ளே கைவிட்டான். கம்பெனியில் திணித்து அனுப்பிய காகிதப் பந்து, அவன் எடுக்க மறந்தது, விரல்களின் அச்சோடு நசுங்கி வெளியே வந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். தணிகாசலம் மெல்லத் தலையை ஆட்டினார், சொல்லிவிடாதே என்று.

ஜெரால்டு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"இது லூஸ் மேடம், சார் சைஸ் எங்ககிட்ட இல்ல."

மறுநாள் விடிகாலையில் சுடர் மட்டும் பையை மாட்டிக்கொண்டு லாட்ஜ் அறையிலிருந்து கிளம்பினாள்.

"செருப்பப் போடுங்கப்பா, தரை ஐஸா இருக்கு."

"ஆமாம்மா, ஜில்லுன்னு இருக்கு" என்றார். அவள் படியிறங்கியதும் கதவைச் சாத்தி உள்ளே தாழிட்டார்.