கொல்லையில் நின்ற புளியங்கன்று

விடிந்தால் நிக்காஹ். மூத்த பிள்ளையோ இன்னும் கொல்லையில் புளியங்கன்றைச் சுற்றி முள் கட்டிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டு நின்ற ராஹிலாவுக்கு மனசு கேட்கவில்லை.

“கல்யாணத்த வச்சுக்கிட்டு இப்ப எதுக்கு மக்கா இந்த வேலை?”

“முள்ளு வைக்கலைன்னா ஆடு மேஞ்சிரும் உம்மா.”

“இது காய்க்க எத்தனையோ வருஷம் ஆவும். அப்ப நீ அந்த வீட்டுல பிள்ளகுட்டியோட இருப்பே. வேரோட எடுத்துட்டுப் போயி அங்கனயே நடு.”

“உலகச் சண்டை வந்ததுலேருந்து ஊருக்குப் புளிவண்டி வாரதே அபூர்வம். நாளைக்கு நீங்க மீன் ஆணம் வைக்கப் புளிக்கு அலையக் கூடாது. இது இங்கனயே நிக்கட்டும்.”

பெற்று வளர்த்த பிள்ளையைப் பிறத்தியார் வீட்டுக்கு அனுப்புவது லேசா?

“அங்க மாமி ஏதும் சொன்னா எதிர்த்துப் பேசிராத. சாப்பாட்டுல குறை சொல்லாத.”

“சரி உம்மா.”

மறுநாள் மாலை பைத் பாடியபடி ஊர்வலம் கிளம்பியது. மாலையும் தலைப்பாகையுமாக மூத்த பிள்ளை முஹ்யித்தீன் குதிரையில் ஏறினான். காயல்பட்டினத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும்.

மகன் தெரு திரும்பும்வரை ராஹிலா கதவோரம் நின்றாள். பிறகு, இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அப்படியே இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த தன் கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“அன்னைக்கு உங்க உம்மாவும் இப்படித்தான் நின்னாங்களா?” என்று மெல்லக் கேட்டாள்.