துணிக்கொடியின் கப்பி

கொல்லையில் கிடக்கும் சின்னப் பாய்மரப் படகின் முன்னால் அவர் மறுபடியும் வெறுங்கையோடு நிற்கிறார். பாயை மேலேற்றும் பித்தளைக் கப்பிக்காக அவர் ஏறி இறங்காத பழைய சாமான் கடை இல்லை. "போதும், வித்துடலாம்" என்கிறார் மனைவியிடம். ஈரத்துணி தொங்கும் கொடியை உயர்த்தக் கயிற்றை இழுக்கும் அவள், கிறீச்சென்ற சத்தத்துக்கு அண்ணாந்து பார்க்கிறாள். பச்சை பூத்த பித்தளை. படகை ஓரங்கட்டிய வருஷம் அவரே கழற்றி அங்கே மாட்டியது. துணியையெல்லாம் வாளியில் அள்ளிப் போட்டுவிட்டு, கப்பியைக் கழற்றித் துடைத்து அவர் உள்ளங்கையில் வைக்கிறாள். "எங்க கிடைச்சுது?" "உங்க சட்டை இத்தனை நாளா இதுலதான் ஊஞ்சல் ஆடுது." அவர் அசடு வழியச் சிரித்தபடி அதைப் பாய்மரத்தில் பொருத்தி நிமிர்த்துகிறார், கயிற்றை அவளிடம் நீட்டுகிறார். "நீயே ஏத்து." அவள் இழுக்கிறாள். வெள்ளைப் பாய் படபடத்து எழுந்து, காலை வெயில் முழுவதையும் வாங்கிக்கொண்டு விரிகிறது. கயிற்றை விடாமல், பக்கத்து மாடிக்கும் கேட்கிற குரலில் சொல்கிறாள்: "நாளைக்கு என் கொடிக்கு ஒரு கப்பி தேடிட்டு வாங்க."