படம் பிடிக்கத் தடை

துறைமுகத்தருகே நடந்த மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஒருவன் தூக்கி வீசப்பட்டதை அஸ்மியா போனில் பிடித்துவிட்டாள். பின்னால் வந்தவன் வேண்டுமென்றே இடித்தது தெளிவாகப் பதிந்திருந்தது.

ஓடுபாதைக்கு முதுகைக் காட்டி, சனத்தையே பார்த்து நின்ற காவலாளி பாய்ந்து வந்தார்.

"இஞ்ச படம் எடுக்க ஏலாது. முழுசா அழியுங்கோ!"

"ஐயா, பிழை ஆரில எண்டு இதில இருக்கு..."

"அழியுங்கோ எண்டு சொல்லுறன்!"

பயந்துபோய் அழித்தாள்.

சற்று நேரத்தில் ஒலிபெருக்கி அறிவித்தது: "விழுந்தவர் ஜதுசன். அவருடைய கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்."

காவலாளி அவளிடம் ஓடிவந்தார்.

"பிள்ளை, அந்த வீடியோ கொஞ்சமாவது மிச்சம் இருக்கோ?"

"நீங்கள்தானே அழிக்கச் சொன்னீங்கள்?"

"ஓம் பிள்ளை. ஜதுசன் என்ர மகன்."