வெல்லம் தின்றது யார்?

அளவில்லாமல் தின்னும் பாதிரியார்களையும் கன்னியாஸ்திரிகளையும் ஜெபத்தால் குணப்படுத்தும் இல்லம் அது. ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே கிடங்கில் வெல்லம் குறைந்துகொண்டே வர, "இனிமே வேலைக்கு வராதே" என்று சமையற்காரி முனியம்மாவிடம் சொல்லிவிட்டார் தலைவி சிஸ்டர் ஸ்டெல்லா.

முனியம்மாவின் பட்டதாரி மகள் அன்பரசி, சிகிச்சைக்கு வந்திருந்த ஃபாதர் ரொசாரியோவிடம் நேரே போனாள். அவருடைய தொந்தியே அவளுக்குச் சாட்சி.

"இன்னா ஃபாதர், நீங்க தின்னதுக்கு எங்கம்மா திருடியா?"

"நான் தொடலம்மா."

"அப்போ யாரு? எல்லாரும் உங்ககிட்டதான பாவத்தச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்றாங்க?"

"அதுல கேட்டதப் பத்தி நான் வாயே திறக்கக் கூடாது."

"வசதிதான்! நீங்க வாய மூடிக்குவீங்க, எங்கம்மா வூட்டுக்குப் போவணும்!"

சத்தம் கேட்டு வந்த சிஸ்டர் ஸ்டெல்லா, இடுப்பிலிருந்த கிடங்குச் சாவியை அவிழ்த்து அன்பரசியின் கையில் வைத்தார்.

"இது இனிமே உங்கம்மாகிட்டயே இருக்கட்டும். எங்கிட்ட இருந்தா மறுபடியும் தின்னுடுவேன்."