தேயாத கைப்பிடி

விற்றுவிட்ட தன் கியர் சைக்கிளையே திரும்ப வாங்கப் போயிருந்தான் கதிரேசன். முன்பு அதை அவனிடமிருந்து வாங்கிய அன்று, மலைச்சரிவில் இரண்டு கையையும் விட்டு ஓட்டிக் காட்டிச் சிரித்தவர் ஜோதிலிங்கம். இப்போது தோள் மறைய சால்வை போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்தார். பூட்டுச் சாவியை இடது கையால் நீட்டினார். கதிரேசனுக்குச் சுருக்கென்றது. “வெள்ளிக்கிழமை அதுவுமா பீச்சாங்கையால சாவி குடுக்கிறீங்களே, நல்லாவா இருக்கு?” என்று கேட்டேவிட்டான். அவர் சாவியைச் சீட்டின் மேல் வைத்துவிட்டு, “எடுத்துக்குங்க தம்பி,” என்றார்.

தன் வீட்டு மொட்டைமாடியில் வண்டியைக் கவிழ்த்துப் போட்டுத் துருவைத் தேய்த்தான். செயினை மண்ணெண்ணெயில் ஊறவைத்தான். எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட வேண்டும் என்று ஒரு வெறி. வண்டியை நிமிர்த்தியபோதுதான் ஹேண்டில்பாரைப் பார்த்தான். முன் பிரேக், பின் பிரேக் இரண்டின் கேபிளும் இடது பக்கத்து ஒரே லிவரில் இணைக்கப்பட்டிருந்தன. வலது பக்கம் இருந்த மணியும் கியரும்கூட இடம் மாறி இடது பக்கம் வந்திருந்தன. இடது கைப்பிடியின் ரப்பர் தேய்ந்து வழவழவென்றிருந்தது. வலது கைப்பிடியில், விற்பதற்கு முன் அவனே மாட்டிய புது ரப்பரின் வரிகள் அப்படியே இருந்தன.

அதை வலது கையால் பிடித்தவன் விடவேயில்லை. காபியோடு மாடியேறி வந்த மனைவி வாசுகியிடம் இடது கையை நீட்டினான். அவள் டம்ளரைக் கொடுக்காமல் நின்றாள்.

“அந்தக் கைக்கு என்ன ஆச்சு?” என்றாள்.