திரேசா சொல்லாத பெயர்

தரங்கம்பாடிப் பழங்கிடங்கைப் புதுப்பிக்க வந்த ஆர்க்கிடெக்ட் மெர்லின் மேடம், சுவரில் கருவியை ஒட்டினார். சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருந்த நாளில் அங்கே பேசியதெல்லாம் அதில் பதிந்திருந்து, இப்போது கருவி வழியாகத் திரும்பக் கேட்டது.

"மாசமா இருந்தா மகாராணியாடி? தூக்குடி சாந்துக் கூடைய!"

முப்பது வருடத்துக்கு முந்தைய என் குரல்.

"முடியலைங்க, வயிறு வலிக்குது."

என் மனைவி திரேசா. அந்தப் பிள்ளை தங்கவில்லை. அவளும் இப்போது இல்லை.

"யாரு மேடம் இந்த மிருகம்? பேரு கெடைச்சா வாசல்ல வைக்கப்போற வரலாற்றுப் பலகையில போட்டுடலாம்," என்றார் ஜூனியர் ஆர்க்கிடெக்ட் நவாஸ்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "அண்ணே, அப்ப நீங்களும் இங்கதானே வேலை பார்த்தீங்க. யாருன்னு தெரியுதா?"

சுவரில் திரேசா இன்னும் கெஞ்சிக்கொண்டிருந்தாள். புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கம் அவளுக்குக் கிடையாது. "என்னங்க, என்னங்க" என்றே அழுதாள்.

"தெரியலம்மா," என்றேன்.